புதன்கிழமைப் பயணம்

றஸ்னா மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினாள். சாய்ந்தமருதில் இருக்கும் மூத்த சகோதரி வீட்டுக்கு, வழக்கமான புதன்கிழமைத் தையலுக்குப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டு வந்தவள். சாய்ந்தமருது தெற்கே இருக்கிறது. பஸ் வடக்கே புறப்பட்டது.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே மோட்டார் சைக்கிளில் இருந்த அவள் கணவன் இன்ஷாப், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அதைப் பார்த்தான். உடனே பின்னால் போயிருப்பான். ஆனால் அவசரத்தில் சாத்திவிட்டு வந்த தன் ஹாட்வெயார் கடையின் பூட்டு மனதை அரித்தது. திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்ததில், பெரியநீலாவணையில்தான் பஸ்ஸை எட்டிப் பிடிக்க முடிந்தது.

மூன்று மாதமாகவே அவள் மாறிப்போயிருந்தாள். காஸ் அடுப்பை மூடினாயா என்று எத்தனை தரம் கேட்டாலும் முன்பு முகம் கோணாமல் பதில் சொல்வாள். இப்போது ஒரு தரத்தோடு சரி. இரண்டாம் தரம் கேட்டால் காதில் விழாதவள் போல வேறு கதைக்குப் போய்விடுகிறாள்.

கடையைப் பூட்டிவிட்டு வருகிறவனைத் திரும்ப வெளியே போகவிடாமல் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைக்கிறாள். அவன் குடித்து முடிக்கும்வரை மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாசமுள்ளவள் மணிக்கூட்டைப் பார்ப்பாளா?

இத்தனைக்கும் இந்த மூன்று மாதத்தில் அவன் எவ்வளவோ திருந்தியிருந்தான். கோபம் குறைந்துவிட்டது. லுஹர் தொழுகைக்கு இப்போது பள்ளிவாசலில் ஜமாஅத் தவறுவதில்லை. எல்லாம் தன்னுடைய மனவுறுதிதான் என்று கூட்டாளி நிஸாமிடம் பெருமையாகச் சொல்லியுமிருந்தான். இப்படி ஒருவனுக்குத் துரோகம் செய்ய அவளுக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

கல்லாற்றுப் பாலம் தாண்டிச் சிறிது தூரத்தில் றஸ்னா இறங்கினாள். ஒரு பெரிய வீட்டின் கேற்றைத் தானே திறந்துகொண்டு, பழகியவள் போல உள்ளே போனாள். பெயர்ப்பலகையைக் கடதாசிப்பூச் செடி மூடியிருந்தது.

இன்ஷாப் மோட்டார் சைக்கிளைப் பூட்டினான். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து பூட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு லேஞ்சியை எடுத்து, அந்தக் கைக்குட்டையால் கேற்றைப் பிடித்துத் திறந்தான்.

உள்ளே கதிரைகளில் நாலைந்து பேர் கையில் மருந்தெழுதும் கொப்பியோடு காத்திருந்தார்கள். மருந்து வாசம் அடித்தது. வைத்தியர் வீடு. அவனுடைய கோபம் அந்த இடத்திலேயே பயமாக மாறியது. தனக்குக்கூடச் சொல்லாமல் மறைக்கிற அளவுக்கு அவளுக்கு என்ன நோய்?

றஸ்னாவின் குரல் கேட்ட அறைக்குள் கதவைத் தட்டாமலே போனான். றஸ்னா திடுக்கிட்டு எழுந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டொக்டர் கனகரெத்தினம், இவர்தான் கணவர் என்று அவள் மெல்லச் சொன்னதும் முகம் மலர்ந்து கதிரையைக் காட்டினார். மூன்று மாதமாகக் கூட்டி வரச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"இவவுக்கு என்ன வருத்தம், டொக்டர்?" இன்ஷாப் நின்றபடியே கேட்டான். "எங்க கொண்டுபோகணுமெண்டாலும் நான் கொண்டுபோறன்."

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். எண்ணச் சுழற்சி நோய். உங்கள் ஆட்கள் வஸ்வாஸ் என்பார்களே, அந்தச் சந்தேகம் அளவுக்கு மீறி, ஆளைப் பிடித்து ஆட்டுகிற நிலை. சந்தேகத்துக்குப் பதில் சொல்லச் சொல்ல அது இன்னும் கேட்கும். பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, அந்தப் பதற்றம் தானாக அடங்கும்வரை பொறுத்திருக்கப் பழக்க வேண்டும். மாத்திரை இல்லாமல் அந்தப் பயிற்சியை மட்டும் முதலில் செய்து பார்க்கிறேன் என்று இவதான் கேட்டா, மிகவும் பிடிவாதமாகச் செய்கிறா என்று பாராட்டினார்.

பிறகு மேசையில் கிடந்த றஸ்னாவின் கொப்பியைப் புரட்டினார்.

"முதல் வந்த நேரம், தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்க முக்கால் மணித்தியாலம். இப்ப பத்து நிமிசம். கைலேஞ்சி இல்லாம கதவைத் தொட மாட்டா, அதுதான் இன்னும் கொஞ்சம் கிடக்கு. பூட்டை ஏழு தரம் இழுத்துப் பாத்தவ, போன கிழமை ரெண்டு தரத்தோட வீட்ட வந்திருக்கா. கால் மணித்தியாலம் பொறுத்திருந்து, தேத்தண்ணியக் குடிச்சிட்டு, திரும்பிப் போகாமலே இருந்திருக்கா."

இன்ஷாப் தன் கையைப் பார்த்தான். லேஞ்சி இன்னும் விரல்களுக்கிடையில் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்க முயன்றான். அது நழுவிக் கீழே விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் றஸ்னாவின் நானா மசூர், அவளுடைய அண்ணன், மனநல வைத்தியர் ஒருவரைப் பார்ப்போமா என்று ஒரே ஒரு தரம் கேட்டிருந்தார். நான் என்ன பைத்தியமா என்று கத்திவிட்டு, எட்டு மாதம் அவர் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தவன் இன்ஷாப்.

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். றஸ்னா குனிந்து லேஞ்சியை எடுக்கப் போனாள். இன்ஷாப் அவளைத் தடுத்தான். தானே குனிந்து, வெறும் விரல்களால் அதைச் சீமெந்துத் தரையிலிருந்து எடுத்தான். அப்படியே அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியை டொக்டர் பக்கம் தள்ளினாள்.

"அதில என்ட பேரை வெட்டிட்டு, இவர்ர பேரை எழுதுங்க, டொக்டர்."