ராஜிக்குச் சம்மதம்

"ராஜிக்கு எனக்குச் சம்மதமுங்க வக்கீலய்யா. ஊட்டுல மட்டும் இப்பத்திக்குச் சொல்ல வேண்டாம்."

மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று அவள் கணவர் தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் கையிலிருந்த தவிட்டுக் கூடை சரிந்து விழுந்தது.

ராஜி.

கொஞ்ச நாளாக அவர் மீசைக்கு மை பூசுவது நினைவுக்கு வந்தது. சொல்லாமல் டவுனுக்குப் போய் வந்ததும்.

இதற்கு வக்கீல் வேறு.

போனைப் பிடுங்கினாள்.

"ஏனுங், யாரந்த ராஜி?"

அந்தப் பக்கம் வக்கீல் கனைத்தார். கனைப்பில் சிரிப்பு கலந்திருந்தது.

"பொம்பள பேரில்லீங்கம்மா. அரபியில பொறந்து, பாரசீகம் வழியா நம்ம கோர்ட்டுக்கு வந்த வார்த்தை. மனசு ஒத்துப்போறதுன்னு அர்த்தம். ராஜினாமா கூட இதுல இருந்து வந்ததுதான். முன்னெல்லாம் சமாதானப் பத்திரத்துக்குத்தான் அந்தப் பேரு."

அவளுக்கு மூச்சு வந்தது. மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அப்புறம்தான் தோன்றியது.

"யாரு மனசு யாரோட ஒத்துப்போச்சுங்?"

"அத அவரே சொல்லுவாருங்கம்மா." வக்கீல் போனை வைத்துவிட்டார்.

கணவர் தரையைப் பார்த்தார்.

"தம்பியோடதான். வண்டித்தடம் யாருக்குன்னு போட்ட கேசு."

அந்தக் கேசைப் போடவைத்தவள் அவள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை இழுத்துக்கொண்டு போய், கோர்ட்டில் முன்பெஞ்சில் உட்கார்ந்தவளும் அவள்தான்.

போனை அவர் கையில் திணித்தாள்.

"பொம்பளையா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பனுங்."

அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் தெனமும் இருமிக்கிட்டே கெடக்கறான் தம்பி. என்ன ஏதுன்னு கேக்க முடியல."

அவள் குனிந்தாள். சிந்திய தவிட்டைக் கையால் கூட்டி அள்ளினாள். மண்ணும் சேர்ந்து வந்தது.

"அவம் பொண்டாட்டி என்ன சொல்றாளாம்?"

"வக்கீலுக்கு மொதல்ல போன் பண்ணுனதே அவதான்."

அள்ளிய கை அப்படியே நின்றது.

"முந்திக்கிட்டாளா?"

கையில் இருந்ததைக் கூடையில் கொட்டினாள்.

"கையெழுத்து என்னைக்குங்?"

"வெள்ளிக்கெழம."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதியில் நின்று திரும்பினாள்.

"அன்னைக்கு அவ பட்டு கட்டறாளா, சாதாச் சேலையான்னு கேட்டுச் சொல்லுங்."

அவர் போனை எடுத்தார்.

"போன்ல வேண்டாம்," என்றாள். "நேர்ல போய்க் கேளுங்."