பாதி வேலை

“சாவி என்கிட்டயே இருக்கட்டும் தம்பி. எந்தக் கார்டு வேணும்னு சொல்லுங்க, எடுத்துத் தாரேன்.”

கிரேசி இதைச் சொன்ன விதத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுதான் ஜெயமணிக்கு எரிச்சலைக் கிளப்பியது.

கச்சால் தீவின் குடியேற்ற அலுவலகத்துக்கு அவன் வந்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான். சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கார்டு உண்டு. எத்தனை பேர், என்ன வயசு, யாருக்கு என்ன சீக்கு, எல்லாம் அதில் இருக்கும். கார்டுகள் இருந்த இரும்பு பீரோ கிரேசியின் பொறுப்பு. அவற்றை வைத்து யாருக்கு முதலில் வீடு, யாருக்கு அப்புறம் என்று விதி வகுத்து லிஸ்ட் போடுவது ஜெயமணியின் பொறுப்பு.

“அக்கா, ராமகிருஷ்ணன் வீட்டுப் பெரியவர் தவறிட்டாராம். நானே அந்தக் கார்டுல திருத்திடறேனே?”

“வேணாம் தம்பி. லிஸ்ட் உங்களுது, கார்டு என்னுது. அவங்க வீட்டு ஆளை வரச் சொல்லுங்க. கேட்டு நானே எழுதறேன்.”

“அரே, ஒரு வரி அக்கா!”

“ஒரு வரின்னாலும் அப்படித்தான்.”

வெளியே வந்து பியூன் கண்ணையாவிடம் பொரிந்து தள்ளினான் ஜெயமணி.

கண்ணையா பீடியைப் பற்றவைத்தபடி சொன்னார். “உங்களுக்கு விஷயம் தெரியாதா பாபு? நீங்க வர்றதுக்கு முன்னாடி கார்டு, லிஸ்ட் ரெண்டும் அந்தம்மாகிட்டதான் இருந்துச்சு. பாதி வேலையைப் பிடுங்கி உங்களுக்குக் குடுத்துட்டாங்க. மனசு ஆறுமா?”

அப்படிப் போடு! பொறாமை. ஜெயமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

வீடு கிடைக்கும்வரை எல்லோரும் லயம் என்ற நீளக் கொட்டகையில்தான் தங்கியிருந்தார்கள். மழைக்கு முன்னால் முதல் வரிசை வீடுகள் தயாராயின. குழந்தைகள், வயசானவர்கள், சீக்காளிகள் இருக்கும் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்று ஜெயமணி விதி வகுத்தான். கிரேசி அவன் கேட்ட கார்டுகளை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். லிஸ்ட் தயாராகி அலுவலக வாசலில் ஒட்டப்பட்டது. அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலை நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். பெயர் செல்லம். நேரே கிரேசியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“என் பேரு இல்லையே, ஏன்?”

“நீயும் உன் வூட்டுக்காரரும் ரெண்டு பேருதானே. அடுத்த வரிசையில வரும்.”

“ரெண்டு பேரா? அப்ப என் வயித்துல இருக்கறது என்ன? லயத்துல படுக்கற இடத்துலயே ஒழுகுது. எல்லாக் கார்டும் உன் கையில இருக்கு. மூணுன்னு எழுத உனக்குக் கை வரலியா? நீயெல்லாம் ஒரு கூடப்பொறந்தவளா?”

ஜெயமணி திடுக்கிட்டு நிமிர்ந்தான். கூடப்பிறந்தவளா!

எழுந்து வந்து கிரேசியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். “அக்கா, சாப் இன்னும் கையெழுத்துப் போடல. நீங்க மூணுன்னு எழுதினா, நான் இப்பவே லிஸ்ட்டை மாத்திடறேன்.”

“பொறக்காத புள்ளைய எப்படித் தம்பி எழுதறது? லயத்துல இன்னும் எத்தனையோ புள்ளத்தாச்சிங்க இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் அக்கா இந்த ஆபீசுல இல்லையே.” தங்கையின் கையைப் பிடித்தாள். “விதி இவரோடது. மாத்தறதா இருந்தா எல்லாருக்கும் சேர்த்து மாத்தட்டும். நீ வாடி. உன் வூட்டுக்காரரையும் கூட்டிட்டு என் ரூமுக்கு வந்துரு. உன் இடத்துல நான் போய்ப் படுத்துக்கறேன்.”

செல்லம் கையை உதறினாள். பிறகு அக்காவின் அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் கிரேசி ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயத்துக்குப் போவதை ஜெயமணி பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்றைக்கே அதிகாரி பாலசுப்பிரமணியத்தின் அறைக்குப் போனான்.

“சார், அடுத்த லிஸ்ட்டுல கர்ப்பிணிகளையும் சேர்த்து விதியை மாத்தி எழுதறேன்.”

“டீக் ஹை. அது உன் வேலை, எழுது.”

ஜெயமணி போகாமல் நின்றான்.

“இன்னும் என்னய்யா?”

“கிரேசி அக்கா விஷயம் சார். இத்தனை நேர்மையா இருக்கறவங்க கையிலிருந்து பாதி வேலையை நீங்க பிடுங்கியிருக்க வேணாம். நான் வேணும்னா வேற செக்ஷனுக்குப் போயிடறேன். லிஸ்ட்டையும் அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.”

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிடுங்கினேனா? யார் சொன்னது? தங்கச்சி குடும்பம் கப்பல்ல வந்து இறங்கின அன்னிக்கே அந்தம்மா இந்த வாசல்ல வந்து நின்னாங்க. ‘சார், கார்டும் லிஸ்ட்டும் என் ஒருத்தி கையிலயே இருந்தா, தங்கச்சி அழற அன்னிக்கு நான் தப்புப் பண்ணிருவேன், பாதி வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்க’ன்னு கெஞ்சினாங்க. அதனாலதான்யா உனக்கு இந்த வேலையே கிடைச்சுது.”