கதையின் நடுவில் தூங்கியவள்

கணக்கு டீச்சர் என் கதையின் நடுவிலேயே தூங்கிவிட்டாள்.

அதுவும் எந்த இடத்தில்? பல் டாக்டரின் மாமியார் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுப் படியை மிதிச்சா என்னன்னு கேளு" என்று இறங்குகிற இடத்தில்.

இருபது வருஷமாக இந்தக் கட்டடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அழுதவர்கள் உண்டு. தூங்கினவர்கள் கிடையாது.

வந்த கோபத்துக்கு எழுந்தே போயிருப்பேன். டிரைவிங் விடவில்லை.

டிரைவிங் என்பது டீச்சரின் சிநேகிதி. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள் என்பதால் அந்தப் பெயர், வைத்தது நான்தான். பத்து நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு பையும் தலையணையுமாக இங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் வாயைத் திறக்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டி, காற்றில் வட்டம் வட்டமாகச் சுற்றினாள். போ, போ, பிரேக்கைத் தொடாதே என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குக் காட்டுகிற சைகை.

விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்லித்தான்.

டீச்சருக்கு எட்டு வருஷமாகத் தூக்க மாத்திரை. எழுதிக் கொடுத்ததும் டாக்டர், விடச் சொன்னதும் அதே டாக்டர். ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது என்று அவர் சொன்னபடி ஐந்து மாதமாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பின்னம் சொல்லிக் கொடுத்தவள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பிளேடால் மாத்திரையைச் சுரண்டுவதைப் பார்க்க வேண்டுமே! நான் பார்த்தேன். பார்த்ததை நாலு வீட்டில் நடித்தும் காட்டினேன்.

மூன்று நாளாகப் பூஜ்யம்.

பூஜ்யம் வந்த அன்றே தூக்கம் போய்விட்டது. குழாய் சொட்டினால் அதையும் திட்டுகிறாள். நேற்று ஜியோமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்திருந்த ஒரு மாத்திரையை டிரைவிங் கண்டுபிடித்து, கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டாளாம். "நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?" என்று டீச்சர் கத்தியது மொட்டை மாடி வரை கேட்டது.

இன்றைக்கு இருட்டுவதற்குள் கண் அசரவில்லையென்றால், பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். போனால் ஐந்து மாதமும் வீண்.

நான் கத்தரிக்கோல் இரவல் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்க்க வந்தவள். டீச்சருக்குப் பராக்காக இருக்கட்டும் என்று டிரைவிங் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"நிறுத்தாதீங்கக்கா. நிறுத்தினா முழிச்சுக்குவா" என்று கிசுகிசுத்தாள் டிரைவிங்.

நம்பாமல் நிறுத்திப் பார்த்தேன். டீச்சரின் இமை துடித்தது. மூடின கண்ணோடு, "அப்புறம்?" என்றாள்.

டிரைவிங்கின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை ஓங்கி மிதித்தது.

அவசரமாக மாமியாரைப் படியிறக்கி, டாக்சி பிடித்து ஏற்றி அனுப்பினேன். போட்டோகிராபர் தன் கல்யாண ஆல்பத்தை மட்டும் யாருக்கும் காட்டாத காரணத்தைச் சொன்னேன். வக்கீல் வீட்டில் எந்த வழக்கிலும் ஜெயிப்பது அவர் பெண்டாட்டிதான் என்பதைத் தேதிவாரியாகச் சொன்னேன். கை தட்டவும் முடியாது, குரலை ஏற்றவும் முடியாது. இவ்வளவு நல்ல சரக்கை ரயில் ஓடுகிற மாதிரி ஒரே சத்தத்தில் சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த வேதனை எனக்குத்தான் தெரியும்.

தரையில் இருந்த வெயில் மேஜை மேல் ஏறியது. டீச்சர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட ஆரம்பித்தாள். டிரைவிங் தலையணை உறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் என்னிடம் சரக்கு தீர்ந்துபோனது.

இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். நாலு மாடியும் முடிந்துவிட்டது. எதிர்க் கட்டடமும் முடிந்துவிட்டது. டிரைவிங்கைப் பற்றியே ஒன்று வைத்திருந்தேன்; வேறு வழியில்லாமல் அதையும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். முறைத்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை.

டீச்சரின் இமை மறுபடி துடித்தது.

இன்னொருத்தி இருக்கா, என்று ஆரம்பித்துவிட்டேன்.

எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, யார் எத்தனை மணிக்குத் திருட்டுத்தனமாகப் படியேறுகிறார்கள், அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஜன்னலை விட்டு நகர்ந்தால்தானே? தூங்கினால்தானே? அவளும் இதே மாத்திரைதான். நடுவில் கோடு போட்ட வெள்ளை. முதலில் ஒன்று. பிறகு இரண்டு. இப்போது இரண்டும் கேட்பதில்லை. யாராவது பார்த்துவிட்டால் பிரஷருக்கு என்பாள். விடலாம் என்று அவளுக்கும் ஆசைதான். பக்கத்தில் வந்து பத்து நாள் உட்காரத்தான் ஆள் கிடையாது. அவள் வாய்க்குப் பயந்து யாரும் கிட்டே வருவதில்லை.

டிரைவிங்கின் கை காற்றில் நின்றுவிட்டது.

"யாருக்கா அது?"

ஆள் யார் என்று ஒருத்தி கேட்டு, நான் பெயரைச் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை.