ராஜா வீட்டு மணி

சுத்தியல் விழுந்ததும் கடிகார ரிப்பேர் கடைக்காரரின் இடது சுண்டுவிரல் நசுங்கியது. அவர் போட்ட அலறல் தெருவுக்குக் கேட்டிருக்காது. ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் மொட்டையன் வேலையை ஆரம்பித்திருந்தான்.

"கடுதாசி எங்கே?"

கடிகாரம் ஏற்கெனவே அவன் கையில். மேசையில் கிடந்ததை உள்ளே வந்தவுடன் அள்ளிக்கொண்டு, வளையத்தில் நூல் கட்டித் தொங்கிய அட்டைச் சீட்டைப் பிய்த்து எறிந்திருந்தான். சொக்கத் தங்கம், மூடியில் அரண்மனை முத்திரை. பொத்தானை அமுக்கினால் அந்த நேரத்துக்கு எத்தனை மணியோ அத்தனை அடித்து, மேற்கொண்டு ஒவ்வொரு கால் மணிக்கும் ஓர் இரட்டை மணி அடித்துச் சொல்லும்.

ராஜா அதைக் கேட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம். அப்படி எழுதி முத்திரை குத்திய கடிதம் ஒன்று கடிகாரத்தோடு உண்டு. அது இல்லாவிட்டால் வாங்குகிறவன் இதை வெறும் தங்கமாகத்தான் எடை போடுவான்.

"சொல்லிடு பெரிசு. இன்னும் ஒம்பது விரல் இருக்கு."

கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. விரல் போனால் பிழைப்பு போகும், கடிதத்தைக் கொடுத்தால் உயிரே போகும். முகத்தை மூடாமல் வந்தவன் சாட்சியை விட்டுவைப்பானா?

மோதிர விரலும் நசுங்கியபோது அவர் வெறியோடு எட்டி உதைத்தார். மொட்டையன் பட்டறை இரும்பில் போய் மோதினான். அவன் மணிக்கட்டில் ரத்தம், கட்டியிருந்த கைக்கடிகாரம் சுக்குநூறு. பதிலுக்கு அவன் விட்ட உதையில் கடைக்காரரின் பல் ஒன்று தெறித்தது.

"மணி என்ன?" மொட்டையன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அஞ்சானா உன் மச்சான், அந்தப் போலீஸ்காரன், டீ குடிக்க வந்துருவான். ஒரு வாரமா நோட்டம் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

சுவரில் முப்பது கடிகாரங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. காட்டிக்கொடுத்துவிடும் என்று தன் செல்போனை வீட்டில் விட்டுவந்த புத்திசாலி, கடைக்காரருடையதை வந்ததுமே மிதித்து நொறுக்கியிருந்தான்.

அவன் பார்வை தங்கக் கடிகாரத்துக்குப் போனது.

"அதை அமுக்காதே!" கடைக்காரர் பதறினார். "வேணாம்ப்பா, அமுக்காதே!"

"ராஜாவுக்குச் சொன்னது எனக்குச் சொல்லாதா?"

அமுக்கினான். கனத்த மணி நாலு முறை அடித்தது. பிறகு மெல்லியதாக ஒரே ஒரு இரட்டை மணி.

"நாலேகால்! முக்கால் மணி நேரம் கிடக்கு." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைக்காரரின் நடு விரலை நிதானமாக மேசையில் விரித்து வைத்தான்.

அதற்குப் பிறகு கடைக்காரர் பேசினார். அலமாரி என்றார், அங்கே இல்லை. பரண் என்றார், அங்கேயும் இல்லை. ஒவ்வொரு பொய்க்கும் விலா எலும்பில் ஓர் உதை வாங்கிக்கொண்டு, அடுத்த இடத்தைச் சொன்னார்.

"என்னைச் சுத்தல்ல விடறியா?" மொட்டையன் சுத்தியலை அவர் தலைக்கு மேல் ஓங்கினான்.

ஷட்டர் தடதடவென்று மேலே போனது. மச்சானின் லத்தி ஒரே வீச்சில் முழங்கையில் இறங்க, எலும்பு முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அடுத்த வீச்சில் மொட்டையன் தரையில் கிடந்தான்.

"அஞ்சு ஆகலையே..." உடையாத கையால் பொத்தானைத் தடவி அமுக்கினான். நாலு மணி, இரண்டு இரட்டை மணி. "நாலரைதானேய்யா ஆகுது!"

"அஞ்சு அடிச்சாச்சுடா" என்று மச்சான் விலங்கை மாட்டினான்.

கடைக்காரர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கீழே கிடந்த அட்டைச் சீட்டை நல்ல கையால் பொறுக்கினார்.

"அது ஒழுங்கா ஓடினா, எங்கிட்ட எதுக்குடா வருது?"