மாடி வீடு

பரமக்குடியில் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெரு. வாடகைக்கு மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த குருநாதனும் அவன் மனைவி முத்தழகும் வீட்டுக்காரம்மா நாகலெட்சுமியின் முன்னால் நிற்கிறார்கள். ஜன்னல் கம்பிகளின் வழியே மத்தியான வெயில் தரையில் கோடு கோடாக விழுகிறது. "சாருக்கு எந்த ஊரு?" "ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்மா." இந்த வாரம்தான் அவன் இங்கே வாத்தியாராகச் சேர்ந்திருக்கிறான். "ஊருக்குள்ள எந்தத் தெரு? கும்பிடுற சாமி எது?" உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பல வீடுகளிலிருந்து திரும்பிய குருநாதன், இப்போது தன்னுடையதல்லாத ஒரு தெருவைச் சொல்கிறான், தன்னுடையதல்லாத ஒரு சாமியையும். நாகலெட்சுமியின் முகம் தெளிகிறது. "நம்ம ஆளுகதான்."

முத்தழகு நிறைவயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்கிறாள். "இல்லம்மா. நாங்க காலனி ஆளுக."

பக்கத்து வீட்டுத் தறி அடித்துக்கொண்டிருக்கிறது. நாகலெட்சுமி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துகிறாள். திரும்பி வந்து அந்த வயிற்றைப் பார்க்கிறாள். குரல் தாழ்கிறது. "எனக்கு ஒண்ணுமில்ல தாயி. தெருவுல கேட்டா மட்டும் சார் சொன்னதையே சொல்லிக்கங்க. பொறக்குற பிள்ளைக்கும் அப்படியே சொல்லிக்குடுத்துருங்க." சாவியை நீட்டுகிறாள்.

குருநாதனின் கை முன்னால் போகிறது. முத்தழகு அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, சாத்திய கதவைத் திறக்கிறாள்.