குங்குமத்துக்கு இடம்

“இன்னா மச்சான், நகைப் பொட்டின்னு சொல்லிட்டு குங்குமத்துக்கு எடமே வுடல?”

மோசஸ் கேட்டான். தர்மராஜ் தலை நிமிரவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் இருவரும் கூட்டாக நடத்தும் மரப்பட்டறை அது. கதவு, சன்னல் வேலைகளையெல்லாம் மோசஸின் தலையில் கட்டிவிட்டு, பூவரசம் பலகையில் இந்த ஒரு பெட்டியையே நாள்கணக்காக இழைத்துக்கொண்டிருந்தான் தர்மராஜ். வளையலுக்கு ஓர் அறை, சங்கிலிக்கு ஓர் அறை, தோட்டுக்கு ஓர் அறை. மூடியின் உட்புறம் கண்ணாடி. அவன் செய்யும் எந்த நகைப் பெட்டியிலும் ஒரு மூலையில் வட்டமாகக் குங்குமக் குழி குடைந்திருப்பான். இதில் அந்த மூலை வெறும் பலகையாகக் கிடந்தது.

“அந்தாளு பேரச் சொல்லி வைக்கிற குங்குமத்துக்கு என் மரத்துல எடம் கெடையாது.”

“நாளைக்குக் கல்யாணம். நீ குழி தோண்டலன்னா அது குங்குமம் வைக்காம பூடுமா?”

‘அது’ என்றது சம்பூர்ணத்தை.

கல்பாக்கம் சாலையில் தோசைக்கடை நடத்துகிறவள் சம்பூர்ணம். காலையில் கல்லிலிருந்து எடுக்கும் முதல் தோசை தர்மராஜின் இலைக்குத்தான் வரும். எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, அது அவன் உரிமை; அந்த உரிமையே அவன் கர்வம். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் கோபாலகிருஷ்ணன் அங்கே நாஸ்தாவுக்கு வரத் தொடங்கினார். ஒரு காலை அந்த முதல் தோசை திசை மாறி அவர் இலையில் விழுந்தது. அன்று தர்மராஜின் வயிற்றில் பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லை.

“அந்தாளு தலையப் பாரு, பாதி நரச்சிக் கெடக்கு. அவன்கிட்ட இன்னாத்தக் கண்டுச்சு அது?”

“துண்ண எலைய அவரே எடுத்துப் போடறாரு. நீ என்னிக்காச்சும் எடுத்துருக்கியா?”

தர்மராஜ் இழைப்புளியை அழுத்தித் தள்ளினான். மரச்சுருள் பறந்தது.

“நீ குடுக்கலன்னா கல்யாணமே நின்னுடும்னு தெரியும்ல?” என்றான் மோசஸ்.

தெரியும். சம்பூர்ணமே சொன்னதுதான். “உன் கையால ஒரு பொட்டி செஞ்சி நீயே எடுத்தாந்து குடு. மனசு இல்லன்னா வராத. நான் மாலையத் தொட மாட்டேன்.” ஒரு பெண்ணின் வாழ்வைப் பூட்டவும் திறக்கவும் வல்ல சாவி தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம் அவனுக்கு இனித்தது. பெட்டியைச் செய்தான். கொடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

“உன் பொண்டாட்டி துர்காதேவி இன்னா சொல்லுது?”

“அதுக்கு ஒரே குஷி. உள்ள ஒட்டச் சொல்லி செவப்பு வெல்வெட்டு வாங்கியாந்து குடுத்துச்சு.”

மோசஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அருகில் வந்து நின்றான்.

“ஒண்ணு கேக்கறேன் மச்சான். நீ தாலி கட்டி, பொண்டாட்டியோட குடும்பம் நடத்துவ. அது மட்டும் ஆயுசுக்கும் உனக்குத் தோசை சுட்டுக்கினே ஒக்காந்திருக்கணுமா?”

ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி என்று வகுத்து வைத்த உலகம், அதைப் பொறாமை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை. மானம் என்கிறது, மரபு என்கிறது, ஊர் என்ன சொல்லும் என்கிறது. தர்மராஜும் அதுவரை அந்தச் சொற்களைத்தான் தனக்குச் சொல்லி வந்தான். ஒற்றைக் கேள்வியில் அந்தத் திரை கிழிந்தது. உள்ளே பொறாமை பச்சையாக நின்றது.

அவன் சின்ன உளியை எடுத்தான். வெறும் பலகையாகக் கிடந்த மூலையில் வட்டம் கீறிக் குடையத் தொடங்கினான். பொறாமை தீர்ந்தபாடில்லை. குழி மட்டும் வட்டமாக வந்தது.

மறுநாள் மாமல்லபுரத்தில், கடலிரைச்சல் கேட்கும் ஒரு சின்ன மண்டபம். வாசலில் பட்டு வேட்டியோடு கோபாலகிருஷ்ணன் நின்றிருந்தார்.

“வாங்க தர்மராஜ். நீங்க வராம மாலையைத் தொட மாட்டேன்னு உட்கார்ந்திருக்காங்க.”

“தெரியும். வழிய வுடு.”

மேடையில் சம்பூர்ணம் அரக்கு நிறப் பட்டில் அமர்ந்திருந்தாள். அப்படி ஒரு நிறத்தில் அவளை அவன் பார்த்ததே இல்லை. ‘இது அந்தாளு எடுத்துக் குடுத்ததாத்தான் இருக்கும். எனக்குத் தோணாதது அவனுக்குத் தோணியிருக்கு’ என்ற நினைப்பு நெஞ்சைச் சுட்டது. இப்படியே திரும்பிப் போனால் என்ன? பேருந்து நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது.

சம்பூர்ணம் அவனை வா என்று அழைக்கவில்லை. கையிலிருந்த பெட்டியையும் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள்.

“நாஸ்தா துண்ணியா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். மாதக்கணக்கில் கட்டிக் காத்த வீம்பு அங்கேயே உதிர்ந்தது.

தலைமை தாங்கச் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த ஜானகிராமன், இரு வீட்டாரையும் அறியாதவர். பெண் வீட்டார் நாற்காலிகளில் மோசஸையும் துர்காதேவியையும் தவிர ஒருவரும் இல்லை. ஊர் வாய்க்கு அஞ்சி உறவு முழுதும் ஒதுங்கியிருந்தது. ஜானகிராமன் மைக்கைப் பிடித்தார்.

“பெண் வீட்டுச் சீர் வைக்க யாரும் வரலையா?”

தர்மராஜ் மேடையேறிப் பெட்டியைச் சம்பூர்ணத்தின் மடியில் வைத்தான்.

“நீங்க பொண்ணுக்கு என்ன வேணும் தம்பி? கூடப் பொறந்தவரா?”

தர்மராஜ் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“மகனுங்க. எங்கம்மாவ நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க அவர.”