மொர்க்குவின் தமிழ்

செங்கம்மாள் இன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

டெல்லி துவாரகா ஃப்ளாட்டின் சமையலறையிலிருந்து பீர்க்கங்காய் தோல் சீவும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. உஷாராணி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, காதை அந்தப் பக்கம் போட்டுக் காத்திருந்தாள்.

இருபத்திரண்டாவது அத்தியாயம். மொர்க்கு சாகப் போகிறது. சாகும்போது அது என்ன சொல்லும் என்றுதான் தெரியவில்லை.

மொர்க்கு ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் குகைப் பூதம். தொடரில் அது பேசாது, உறுமும், அவ்வளவுதான். தொடரின் மேல் பைத்தியமாகிப்போன உஷாராணி, அதே பூதத்தை வைத்துத் தமிழில் கதை எழுதிப் புனைபெயரில் ஒரு செயலியில் போட்டுவந்தாள். அவள் கதையில் மொர்க்கு பேசியாக வேண்டும்.

முதலில் சுத்தத் தமிழில் பேசவிட்டாள். பூதம் தாசில்தார் மாதிரி இருந்தது. மழலையில் பேசவிட்டாள், அவளுக்கே குமட்டியது.

ஒரு நவம்பர் காலை, சமையலுக்கு வரும் செங்கம்மாள் பால்கனியில் நின்று புகைமூட்டத்தைப் பார்த்தாள்.

"ஆகாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கெடக்குது. ஜல்தி துணிய எடுத்துடுக்கா."

அன்று மாலையே மொர்க்கு அதைச் சொல்லிவிட்டது.

அதிலிருந்து பிடித்தது யோகம். திண்டிவனம் பக்கத்துத் தமிழும் இருபது வருஷத்து டெல்லி இந்தியும் கலந்து செங்கம்மாள் உதிர்த்ததெல்லாம் பூதத்தின் வாய்க்குள் போனது. ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள்.

'மனுஷப் பேச்சு மாதிரியே இல்ல, எப்படி அக்கா யோசிக்கிறீங்க?' என்று கமெண்ட் போட்டார்கள். உஷாராணி கண்ணடிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டாள்.

போன அத்தியாயத்தில் மொர்க்குவின் குட்டி இறந்தது. அப்போது அது சொன்னதும் செங்கம்மாள் சொன்னதுதான். மூத்த மகனைப் புதைத்துவிட்டு வந்த நாளைப் பற்றி ஒருமுறை பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். மண்ணு தின்னது போக மிச்சந்தான் நானு.

எழுதும்போது உஷாராணிக்குக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனாலும் வாக்கியம் நன்றாக இருந்தது.

அந்த அத்தியாயம் வெளியாகிப் பத்து நாள். அந்தப் பத்து நாளாகத்தான் செங்கம்மாள் கேட்டதற்கு இந்தியில் ஒரு சொல், இல்லையென்றால் ஒரு தலையாட்டல் என்று இருக்கிறாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கும் என்று உஷாராணி நினைத்தாள். பேச்சுக் கொடுத்துப் பார்க்க, செங்கம்மாளின் மகள் பிரபாவைப் பற்றி விசாரித்தாள். டெல்லியில் பிறந்து தமிழ் எழுத்தே தெரியாமல் வளர்ந்த பெண். போன கோடை விடுமுறையில் இதே மேசையில் உட்கார்த்தி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது உஷாராணிதான். பழகட்டும் என்று அந்தச் செயலியையும் அவள் போனில் இறக்கிக் கொடுத்திருந்தாள்.

பிரபாவைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் ஒரு தலையாட்டல்தான்.

செங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"தீதி, மே ஜா ரஹீ ஹூம்."

போகிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏழு வருஷத்தில் ஒருநாளும் 'போயிட்டு வரேன்க்கா' என்று சொல்லாமல் அவள் வாசலைத் தாண்டியதில்லை.

உஷாராணிக்கு எழுத ஓடவில்லை. போன அத்தியாயத்தின் கமெண்டுகளைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

நடுவில் ஒன்று. பெயர் ஏதோ இந்தி எழுத்தில் இருந்தது. முகத்துக்குப் பதிலாக ஒரு மணி பிளான்ட் படம். நீல வாளியில் நட்ட மணி பிளான்ட். அவள் தலையைத் திருப்பித் தன் பால்கனியைப் பார்த்தாள். வாளியின் உடைந்த கைப்பிடிகூடப் படத்தில் அப்படியே இருந்தது.

'இது பேசுறது எங்க அம்மா மாதிரியே இருக்கு. அண்ணன் செத்தப்போ அம்மா இதேதான் சொல்லுச்சாம்.'

முதல் வரியை மட்டும் படித்துவிட்டு அன்றைக்கு அவள் எழுதிய பதில், மூன்று சிரிக்கும் பொம்மைகளோடு கீழேயே இருந்தது.

'அச்சச்சோ, உங்க அம்மாவும் பூதமா?'